சபையில் திரௌபதை தொடுத்த வழக்கு

திரௌபதை என்றதும் நம்மவர் நினைவில் முதலில் எழுவது முடிவின்றி வளர்ந்த சேலையும் அவிழ்ந்த கூந்தலும்தான். இலங்கையின் கிழக்கே பாண்டிருப்பிலும் வடமேற்கே உடப்பிலும் அவள் அம்மனாக வீற்றிருந்து தீமிதிப்பை ஏற்கிறாள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்த வழிபாடு அவ்வளவாக வேரூன்றவில்லை என்றாலும், கோயில் மண்டபத்தில் ஒருவர் பாட்டைப் படிக்க மற்றவர் பயன் சொல்லும் மரபிலும், விடிய விடிய ஆடும் கூத்திலும் பாரதக் கதையை நாம் தலைமுறைகளாகக் கேட்டே வந்திருக்கிறோம். அவள் பட்ட துன்பத்தை நாம் மறக்கவில்லை. தெய்வம் அவளைக் காத்ததையும் மறக்கவில்லை. அவ்விரண்டுக்கும் இடையில் அவள் சபையின் முன் வைத்த வாதத்தை மட்டும் விட்டுவிட்டோம். அந்த வாதமே அவளுடைய வலிமை என்பதும், அன்று அஸ்தினாபுரத்துச் சபையில் வாய் திறந்தவர்களுள் அறநூலையும் வழக்கின் முறையையும் அவளளவு தெளிவாகப் பிடித்தவர் எவருமில்லை என்பதும் இவ்வாய்வின் நிலைப்பாடு. ஆகையால் நிகழ்வை ஒரு வழக்காகவே எடுத்துக்கொண்டு, யார் எதைக் கோரினார், எந்தக் கோரிக்கைக்கு எந்தப் பதில் கிடைத்தது என்று பார்க்கிறேன்.

இங்கே ஆதாரமாகக் கொள்வது வடமொழி மகாபாரதத்தின் சபா பருவம், குறிப்பாகப் புனேயிலுள்ள பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் பல சுவடிகளை ஒப்பிட்டு வெளியிட்ட செம்பதிப்பு. வில்லிபாரத வழியில் கதை கேட்டவர்களுக்கு இரண்டு வேறுபாடுகளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவள் கண்ணனை நோக்கிக் கைகூப்பி அழைக்கும் பகுதி செம்பதிப்பின் மூலபாடத்தில் இல்லை. ஆடை களையக் களைய வேறு ஆடை தோன்றியது என்ற அளவோடு அது நின்றுவிடுகிறது. கூந்தலை முடியேன் என்ற சபதமும் அங்கே அவள் வாயில் வரவில்லை. சபதம் செய்பவன் வீமன். இவ்விரண்டையும் எடுத்துவிட்டால் அவளிடம் எஞ்சி நிற்பது ஒரு கேள்வி.

நிகழ்வு

திருதராட்டிரன் விதுரனை அனுப்பித் தருமனைச் சூதுக்கு அழைப்பிக்கிறான். அழைத்தால் மறுப்பதில்லை என்பது தருமனின் நோன்பு. பணயம் துரியோதனனுடையது, அவனுக்காகக் காய் உருட்டுபவன் மாமன் சகுனி. ஒருவர் பொருள் வைக்க இன்னொருவர் ஆடுவது முறையன்று என்று தருமனே தொடக்கத்தில் குறிப்பிடுகிறான். குறிப்பிட்டுவிட்டு ஆடவும் செய்கிறான். முத்துமாலை, பொன், தேர், அடிமைப் பெண்கள், ஏவலர், யானை, குதிரை, ஆநிரை, நகர், நாடு என ஒவ்வொன்றாகப் போகின்றன. காய் விழுந்ததும் 'வென்றேன்' என்ற ஒற்றைச் சொல்லைச் சகுனி சொல்லுகிறான். வேறு விளக்கம் எதுவும் இல்லை. பின்னர் நகுலன், சகாதேவன், அருச்சுனன், வீமன் என்ற வரிசையில் தம்பியரையும் இறுதியில் தன்னையும் தருமன் வைத்துத் தோற்கிறான்.

அவன் தன்னைத் தோற்ற பிறகு சகுனி பேசும் பேச்சைக் கவனமாகப் படிக்க வேண்டும். பொருள் இன்னும் மிச்சமிருக்கையில் தன்னைத் தோற்பது பாவம் என்கிறான். தோற்காத பணயம் ஒன்று உன்னிடம் இருக்கிறது, பாஞ்சாலியை வைத்து உன்னையே மீட்டுக்கொள் என்கிறான். தருமன் அவள் அழகையும் குணத்தையும், எல்லோருக்கும் பின் உறங்கி எல்லோருக்கும் முன் எழுந்து வீட்டுப் பொறுப்பைப் பார்ப்பதையும் சொல்லி அவளைப் பணயமாக அறிவிக்கிறான். பெரியவர்கள் 'சீ, சீ' என்றார்கள். விதுரன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். திருதராட்டிரன் மட்டும் மகிழ்ச்சியை மறைக்க மாட்டாமல் 'வென்றாயிற்றா, வென்றாயிற்றா' என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சகுனி வழக்கம்போல் 'வென்றேன்' என்றான்.

அவளை அழைத்துவரும்படி துரியோதனன் முதலில் விதுரனைத்தான் ஏவுகிறான். விதுரன் மறுக்கிறான், தனக்கே தலைவனாக இல்லாத நிலையில் அரசன் அவளைப் பணயம் வைத்தான், ஆகையால் அவள் அடிமையாகவில்லை என்றும் சொல்லுகிறான். பின்னர் எழுப்பப்படும் வினாவின் சாரம் சபைக்குள் அப்போதே ஒருமுறை சொல்லப்பட்டாயிற்று. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

வினா

அடுத்துப் போனவன் பிராதிகாமி என்ற ஏவலாள். அந்தப்புரத்தில் அவனுக்கும் திரௌபதைக்கும் நடக்கும் உரையாடல் மிகச் சுருக்கமானது. ஆனால் நீதிமன்றப் பழக்கமுள்ள எவரும் அதைப் படித்து வியக்காமல் இருக்க முடியாது. துரியோதனன் உன்னை வென்றுவிட்டான், வா என்கிறான் அவன். அவள் அழவில்லை, சினக்கவுமில்லை. எந்த அரசகுமாரன் மனைவியை வைத்து ஆடுவான், அவனிடம் பணயம் வைக்க வேறொன்றும் இல்லையா என்று கேட்கிறாள். வேறொன்றும் இல்லாதபோதுதான் வைத்தான், முதலில் தம்பியரையும் பிறகு தன்னையும் அதன்பின் உன்னையும் வைத்தான் என்று அவன் நடந்ததை வரிசையாகச் சொல்லுகிறான். உண்மை விவரம் சாட்சியின் வாயிலிருந்து கிடைத்த பிறகே அவள் தன் வினாவை அமைக்கிறாள்: நீ போய் அந்தச் சூதாடியிடம் கேள், அவன் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? அதை அறிந்துவந்து பிறகு என்னை அழைத்துப் போ.

விடை அவளுக்குத் தெரியும். ஏவலாள் இப்போதுதான் சொன்னான். அப்படியிருக்க அவள் கேட்பதற்குக் காரணம், அந்த விடை தருமன் வாயால் சபையின் நடுவில் பதிவாக வேண்டும் என்பதே. அவன் 'முதலில் என்னை' என்று சொல்வானாயின், அடிமையாகிவிட்டவனுக்குப் பணயம் வைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்ற அடுத்த கேள்வி தானாக எழும். பொய்யாக 'முதலில் அவளை' என்று சொன்னாலோ, தருமன் என்ற பெயர் அவனுக்கு நிலைக்காது. அவன் உயிர் போனவன்போல் இருந்தானே தவிர, நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று மூலம் கூறுகிறது. கேள்வியைச் சபையில் வந்து கேட்கட்டும் என்கிறான் துரியோதனன்.

அதன்பின் நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததே. மாதவிலக்கில் ஒற்றை ஆடையோடு இருந்தவளை, இராசசூய வேள்வியின் நிறைவு நீராட்டில் நனைந்த அதே கூந்தலைப் பற்றித் துச்சாதனன் இழுத்து வருகிறான். இங்கே நான் நிறுத்தி நோக்க விரும்புவது அடிக்கடி தவறவிடப்படும் ஒரு சிறு செயலை. இழுபட்டு வீழ்ந்தவள் பேசத் தொடங்கும் ஓரிடத்தில் சபையோரிடம் ஒரு விளக்கம் சொல்லுகிறாள்: சபைக்குள் வந்தவுடன் பெரியோரை வணங்கியிருக்க வேண்டும், வலியவன் இழுத்ததில் நிலைகுலைந்து அதைச் செய்யாமல் விட்டேன், இப்போது வணங்குகிறேன், அது என் குற்றமாக வேண்டாம். இதைப் பணிவு என்று மட்டும் படிப்பது போதாது. சபை அவளை அடிமையாக நடத்திக்கொண்டிருக்கிறது; அவளோ அந்த வீட்டு மருமகளாக முறைப்படி வணக்கம் செலுத்தி, முறைகேடு யார் பக்கம் என்பதையும் அதே வாக்கியத்தில் பதிவு செய்துவிட்டு வழக்கைத் தொடர்கிறாள். வெல்லப்பட்டவளா, வெல்லப்படாதவளா என்று நீங்கள் சொல்லுங்கள், சொல்வதன்படி நடப்பேன் என்கிறாள். தீர்ப்புக்குக் கட்டுப்படுவேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டவளை விட்டுவிட்டு, தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள்தாம் தப்பி ஓடினார்கள்.

சபை தந்த பதில்கள்

பீஷ்மரின் பதில் முதலாவது. அறம் நுட்பமானது, தனக்கென்று ஒன்றும் இல்லாதவன் பிறர் பொருளைப் பணயம் வைக்க முடியாது, ஆயினும் மனைவியர் கணவன் வசப்பட்டவர் என்பதையும் காண்கிறோம், தருமனோ உலகையே விட்டாலும் அறத்தை விடாதவன், அவனே 'வெல்லப்பட்டேன்' என்றான், ஆகவே என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை என்கிறார். இதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவர் வழக்கின் முடிச்சைச் சரியாகவே கண்டிருக்கிறார். கணவனுக்கு மனைவிமேல் இருக்கும் அதிகாரம் உடைமை அதிகாரம் போன்றதென்றால், அடிமையானதும் அது போய்விடும். திருமண உறவிலிருந்து வரும் வேறொரு அதிகாரம் என்றால், அடிமையான பின்னும் அது நிற்கக்கூடும். இரண்டில் எது என்பதை முடிவு செய்வது அவருடைய கடமை. கண்டதை முடிவாக்காமல் தருமனிடமே திருப்பிவிட்டதுதான் அவர் பிழை. தரப்பினனாகிய ஒருவனையே தன் வழக்கில் நடுவனாக்கும் சபை நீதிசபை ஆகாது.

துரியோதனனின் தம்பி விகர்ணன் மட்டும் எழுந்து தெளிவாகப் பேசுகிறான். வேட்டை, மது, சூது, காமம் என்ற நான்கு வெறிகளில் மூழ்கியவன் செய்த செயலை உலகம் செயலாகக் கொள்வதில்லை. அவள் ஐவருக்கும் பொதுவானவள். தன்னைத் தோற்ற பிறகே அவன் அவளை வைத்தான். அவளைக் கேட்டுத் தூண்டியவனும் எதிர்த்தரப்புச் சகுனியே. ஆகையால் அவள் வெல்லப்படவில்லை என்கிறான். சபை ஆரவாரம் செய்கிறது. இளையவன் சொன்னான் என்பதற்காக அது தீர்ப்பாகவில்லை.

கர்ணனின் எதிர்வாதத்தை அவன் பேசிய இழிசொற்களிலிருந்து பிரித்தெடுத்துப் பார்க்க வேண்டும். அது வெறும் வசையன்று. முதலாவதாக, தருமன் தனக்குள்ள அனைத்தையும் வைத்தான், அந்த அனைத்தினுள் அவளும் அடக்கம் என்கிறான். அவளைப் பேர் சொல்லியே வைத்தான், பாண்டவர் மறுக்கவில்லை என்கிறான். பின்னொரு கட்டத்தில், அடிமைக்கும் மாணாக்கனுக்கும் தற்சார்பில்லாத பெண்ணுக்கும் சொந்தப் பொருள் இல்லை, அடிமையின் மனைவி அவனுடைய ஆண்டானுக்கே உரியவள் என்றும் சேர்க்கிறான். திரௌபதையின் வினாவுக்கு எதிரே வைக்கக்கூடிய மிக வலுவான வாதம் இந்தக் கடைசிக் கூற்றுத்தான். தருமன் பணயம் வைத்தது செல்லாது என்றே கொண்டாலும், அவன் அடிமையான கணத்தில் மனைவி அவனோடு சேர்ந்தே துரியோதனனிடம் போய்விட்டாள் என்றாகிறது அல்லவா?

இதற்கு மறுமொழி சகுனியின் வாயிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. அவள் 'அனைத்தினுள்' முன்பே அடங்கியிருந்தால், அல்லது தருமனோடு தானாகவே போயிருந்தால், 'தோற்காத பணயம் ஒன்று உன்னிடம் இருக்கிறது' என்று சகுனி சொன்னதற்குப் பொருள் ஏது? தருமன் தன்னைத் தோற்ற பின்பும் அவள் வெல்லப்படாமல் வெளியே நிற்கிறாள் என்று எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டு, அந்த ஒப்புதலின்மேல் புதிய ஆட்டம் ஒன்றை நடத்தியிருக்கிறது. அதன் பயனைக் கைப்பற்றிய பின் கதையை மாற்றிச் சொல்ல அதற்கு உரிமை கிடையாது. ஆகவே அவள் நிலை அந்தக் கடைசி ஆட்டம் ஒன்றை மட்டுமே சார்ந்தது. அந்த ஆட்டத்தில் பணயம் வைத்தவனோ தன்னையே இழந்திருந்தவன். வினா அவள் பக்கமே தீர்கிறது.

அருச்சுனன் இந்த இடத்துக்கு மிக அருகில் வருகிறான். தருமன் உங்களுக்குத் தலைவன் அல்லன் என்று தம்பியர் சொன்னால் விடுவிக்கிறேன் என்று துரியோதனன் வலை விரிக்கும்போது, எங்களை வைத்தபோது அவன் எங்களுக்குத் தலைவன்தான், தன்னையே தோற்ற பிறகு அவன் யாருக்குத் தலைவன் என்பதைக் குருகுலத்தோரே எண்ணிப்பாருங்கள் என்று அவன் சொல்லுகிறான். அண்ணனைக் கைவிடாமலும் உண்மையைக் கைவிடாமலும் சொல்லப்பட்ட விடை அது. இவ்வளவு பேச்சுக்குப் பிறகும் தீர்ப்பு வரவில்லை. வேள்விச் சாலையில் நரி ஊளையிட்ட ஓசை கேட்டுக் காந்தாரியும் விதுரனும் எச்சரித்த பின்னரே திருதராட்டிரன் அஞ்சி அசைகிறான்.

தேசவழமை அறிந்தவர் பார்வையில்

யாழ்ப்பாணத்து வாசகருக்கு இவ்வழக்கு அந்நியமாகத் தோன்றக் காரணமில்லை. கணவனின் கடனுக்கு மனைவியின் பொருள் எவ்வளவு தூரம் பொறுப்பு என்ற கேள்வியோடு நம் வழக்கச் சட்டமாகிய தேசவழமை நீண்டகாலம் உறவாடியிருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் திசாவை (மாவட்ட ஆட்சி அதிகாரி) கிளாஸ் ஐசாக்ஸ் 1706, 1707 காலப்பகுதியில் தொகுத்த தேசவழமை, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேய ஆட்சியிலும் சட்டமாக நிலைத்தது. முதுசம் (மரபுவழி வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடியது) என்று அது பொருளை வகைப்படுத்துகிறது. விவாக உரிமைகள், மரபுரிமை பற்றிய 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டம், மணமாகும்போது பெண்ணுக்குரிய ஆதனம் அவளுடைய தனி ஆதனம் என்றும், அந்த ஆதனத்தின் பராமரிப்பு, பயிர்ச்செய்கை போன்றவற்றுக்காகப் பட்ட கடன் தவிரக் கணவனின் ஏனைய கடன்களுக்கு அது பொறுப்பாகாது என்றும் விதித்தது. சூதில் தோற்ற கணவனின் கடன்காரன் மனைவியின் சீதனக் காணியில் கை வைக்க முடியாது. பொருள் விடயத்தில் இவ்வளவு காப்பு இருக்கையில், அஸ்தினாபுரத்தில் ஆளையே கொண்டுபோகக் கேட்டார்கள்.

விகர்ணனின் பொதுமை வாதத்தையும் நம் ஊர் நொத்தாரிசுகள் உடனே விளங்கிக்கொள்வார்கள். பிரிபடாத காணியில் ஒரு பங்காளி தன் பங்கை மட்டுமே உறுதி முடித்துக் கொடுக்கலாம். மற்றப் பங்காளர் கையெழுத்தில்லாமல் முழுக் காணியையும் எழுதிக் கொடுத்தால் அவர்களுடைய பங்கு வாங்கியவனிடம் போய்ச் சேராது. ஒரு பெண்ணைக் காணியோடு வைத்துப் பேசுவது எனக்கு உவப்பானதன்று. ஆனால் சபை அவளைப் பொருளாகவே கொண்டு வாதிட்டது, அந்த அடிப்படையிலும் அவர்கள் வாதம் நிற்கவில்லை என்பதைக் காட்டவே இதைச் சொல்லுகிறேன்.

ஆனால் நம் சட்டத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டு நின்றுவிடவும் முடியாது. அதே 1911ஆம் ஆண்டுச் சட்டம், மனைவி தன் அசையா ஆதனத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது. மரணசாசனத்துக்கு அந்தச் சம்மதம் தேவையில்லை. உயிரோடிருக்கையில் கைமாற்றத் தேவை. கணவன் கைவிட்டுப் போனாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தாலோ அவள் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அனுமதி பெறலாம். போருக்குப் பின்னர் கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களுக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு சுமையாகியது என்பதை வடக்கில் வாழ்பவருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 'மனைவியர் கணவன் வசப்பட்டவர் என்பதையும் காண்கிறோம்' என்று பீஷ்மர் தயங்கிய இடத்திலேயே நம் சட்டமும் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கிறது.

கேட்கப்படாத பெண்கள்

திரௌபதையின் வாதத்தைப் போற்றும்போது அதன் எல்லையையும் சொல்லாமல் விட்டால் ஆய்வு நேர்மையாகாது. கணவன் மனைவியைப் பணயம் வைக்கலாமா என்ற அடிப்படையை அவள் தன் வழக்கின் தளமாக்கவில்லை. 'எந்த அரசகுமாரன் வைப்பான்' என்று ஏவலாளிடம் கேட்டதோடு சரி. சபையில் அவள் தெரிந்துகொண்ட தளம், தருமனுக்கு அந்த நேரத்தில் அதிகாரம் இருந்ததா என்பது. எதிர்த்தரப்பின் சொந்த விதிகளுக்குள் நின்றே வெல்லக்கூடிய தளம் அதுதான் என்பதால் அவள் தெரிவைக் குறைகூற முடியாது.

ஆயினும் அதே ஆட்டத்தில், தருமன் தன்னைத் தோற்பதற்கு நெடுநேரம் முன்பே, ஒரு இலட்சம் அடிமைப் பெண்களைப் பணயம் வைத்திருந்தான். இளையவர்கள், அணிகள் பூண்டவர்கள், ஆடல் பாடலில் தேர்ந்தவர்கள் என்று அவர்களை வருணித்து வைத்தான். ஒரே உருட்டில் போனார்கள். அவர்களுக்காக ஏவலாள் ஒருவனும் கேள்வி கொண்டு போகவில்லை. அறம் நுட்பமானது என்று எவரும் தடுமாறவில்லை. திரௌபதையின் வாதம் முழுவதும் 'நான் அடிமையல்லள்' என்பதில் நிற்கிறது. அடிமையாக இருப்பவள் என்ன சொல்லி நிற்பாள் என்பதற்கு அதில் இடமில்லை. தேசவழமைத் தொகுப்பிலும் அடிமைகளைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. அது எந்தச் சமூகங்களைப் பேர் சொல்லிக் கட்டியது என்பதை யாழ்ப்பாணம் இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இல்தான். பாரதக் கதையில் அரசியின் கண்ணீரைக் கேட்டுக் கலங்கிய நம் முன்னோர் பலர், வீட்டு முற்றத்தில் நின்ற அடிமைப் பெண்ணை அந்தக் கதையோடு சேர்த்து எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வரங்களும் அதன்பின்னும்

அஞ்சிய திருதராட்டிரன் வரம் கேள் என்கிறான். முதல் வரமாகத் தருமன் விடுபட வேண்டும் என்கிறாள். தன் மகன் பிரதிவிந்தியனைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் 'அடிமையின் மகன்' என்று சொல்லிவிடக் கூடாது என்பதைக் காரணமாகக் காட்டுகிறாள். இரண்டாவதாக, வீமனும் அருச்சுனனும் நகுலனும் சகாதேவனும் தேரோடும் வில்லோடும் விடுபட வேண்டும் என்கிறாள். மூன்றாவது வரத்தை அவன் வற்புறுத்தியும் மறுக்கிறாள்: வைசியனுக்கு ஒரு வரம், சத்திரியப் பெண்ணுக்கு இரண்டு, அரசனுக்கு மூன்று, பிராமணனுக்கு நூறு என்பது முறை, பேராசை அறத்தைக் கெடுக்கும், என் கணவன்மார் மீண்டுவிட்டார்கள், இனி வேண்டியதைத் தம் செயலால் தேடிக்கொள்வார்கள்.

இரண்டு வரங்களிலும் அவள் தன் விடுதலையைக் கேட்கவில்லை. இதைக் கணவன்மார்மேல் கொண்ட அன்பு என்றும் தன்னலமின்மை என்றும் விளக்குவோர் உண்டு; எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. 'என்னை விடுவியுங்கள்' என்று கேட்ட கணத்தில், அதுவரை தான் கட்டுண்டிருந்ததை அவள் ஒப்புக்கொண்டவளாவாள். பணயம் செல்லாது என்பது அவள் வாதம். செல்லாத பணயத்திலிருந்து மீட்சி தேவையில்லை. தம்மையே பணயமாக வைத்துத் தோற்ற தருமனுக்கும் அவனால் தோற்கப்பட்ட தம்பியருக்கும் மீட்சி தேவைப்பட்டது, கேட்டாள். ஆயுதங்களையும் சேர்த்துக் கேட்டாள். சபை தீர்ப்பை மறுத்துவிட்ட வழக்கில், தன் நிலைப்பாட்டை ஒரு சொல்லாலும் விட்டுக்கொடுக்காமல் அவள் வெளியே வருகிறாள். சற்றுமுன் அவளை இழித்துரைத்த கர்ணனே, ஆழ்நீரில் மூழ்கிய பாண்டவர்களுக்குக் கரை சேர்க்கும் ஓடமானாள் என்று சொல்ல நேர்கிறது.

தோற்ற செல்வத்தையும் திருப்பிக் கொடுத்துத் திருதராட்டிரன் அவர்களை ஊருக்கு அனுப்புகிறான். துரியோதனன் தந்தையை மீண்டும் இணங்கவைத்து, வழியிலேயே தருமனை இரண்டாம் ஆட்டத்துக்கு அழைப்பிக்கிறான். தருமன் மறுபடியும் வருகிறான், மறுபடியும் தோற்கிறான். ஆனால் அந்த ஆட்டத்தின் பணயம் வேறு: தோற்றவர் 12 ஆண்டு காட்டிலும் 1 ஆண்டு எவரும் அறியாமலும் வாழ வேண்டும் என்பது மட்டுமே. நாடு பறிபோயிற்று, வனவாசம் வந்தது, துச்சாதனனின் ஏளனமும் குறையவில்லை. ஆயினும் மனிதரைப் பணயமாக வைக்கச் சகுனி இம்முறை கேட்கவில்லை, அவள் ஏற்கெனவே எங்கள் அடிமை என்று கர்ணன் உரிமை கொண்டாடவில்லை. பதில் சொல்லாமல் விட்ட கேள்வியை மீறி நடக்க அந்தச் சபைக்கே துணிவு வரவில்லை. திரௌபதை காட்டுக்குப் போனது பாண்டவரின் மனைவியாகத்தான்.